வார்டுக்குப் போகுமுன் ஒரு வார்த்தை

பூச்சோங் வட்டாரத்தில் இன்று பால் மரத்தைப் பார்ப்பது அரிது. நம் மக்களில் பலர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோய் வெகுகாலமாகிறது. கின்ராரா, காசல்பீல்ட் என்ற பழைய பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் தாங்கி நிற்கின்றன. ஆனால் பிரட்டுக்களத்தோடு தோட்டத்து ஆஸ்பத்திரியும் போயிற்று, டிரஸ்ஸர் ஐயாவும் போனார். அந்நாளில் நோய் முற்றினால் அவரே கடிதம் எழுதி, வண்டி ஏற்றிவிட்டு, ஆபீஸ் கிராணியிடமும் சொல்லிவிடுவார். இன்று அந்த மூன்று வேலையையும் நாமேதான் செய்தாக வேண்டும்.

செய்யத் தவறினால் என்ன ஆகும்? நமக்குத் தெரிந்த அக்கா ஒருவர், இளவயதில் பால் வெட்டியவர், இப்போது குத்தகை நிறுவனமொன்றில் துப்புரவு வேலை செய்கிறார். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று ஐந்து நாள் வார்டில் படுத்தார். வேலையிடத்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. "கையிலதான் எம்.சி. இருக்கே தம்பி, அப்புறம் என்ன?" என்றார். மாதக் கடைசியில் ஐந்து நாள் சம்பளம் வெட்டப்பட்டிருந்தது. நாம் போய்ப் பேசியும் பலனில்லை.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்வது இதுதான்: மருத்துவ விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்க முயற்சியாவது செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் எம்.சி. இருந்தாலும் அனுமதியில்லாமல் வராதவராகவே கருதப்படுவீர்கள். ஆகவே, போகும் முன்பே சூப்பர்வைசருக்குத் தொலைபேசியில் செய்தி அனுப்புங்கள். அனுப்பியதை அழித்துவிடாதீர்கள். அதுவே உங்கள் சாட்சி.

உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, இரண்டு வருடத்துக்குக் குறைந்த வேலையென்றால் ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18, அதற்கு மேல் 22. வார்டில் தங்க வேண்டிய அவசியம் வந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக்கணக்கு, சாதாரண எம்.சி.யோடு சேராது. வேலையில் அடிபட்டோ, வேலைக்குப் போகும் வழியில் விபத்தாகியோ படுத்தால் அது சொக்சோ விவகாரம். உடனே சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள்.

இனி பையில் வைக்க வேண்டியவை. அடையாளக் கார்டு, டாக்டரின் கடிதம், தவணை கார்டு, பழைய எக்ஸ்ரே. சாப்பிடும் மருந்துகளை உறையோடு எடுத்துப் போங்கள். "வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு" என்றால் எந்த டாக்டருக்கும் புரியாது. நாட்டு மருந்து, லேகியம் சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள். சிலது ரத்தம் உறைவதைக் கெடுக்கும். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள். பட்டினியாக வரச் சொன்னால் பட்டினியாகவே போங்கள். ஒரு வாய் தேத்தண்ணீர்தானே என்று குடித்துவிட்டு, ஆபரேஷன் தள்ளிப்போய்த் திரும்பியவர்கள் உண்டு.

தாலியைக் கழற்றச் சொன்னால் நம் பெண்கள் கண் கலங்குகிறார்கள். அங்கே நர்ஸ் முன்னால் கலங்குவதைவிட, வீட்டிலேயே சாமி படத்தின் முன் கழற்றி மாமியாரிடமோ மகளிடமோ கொடுத்துவிடுங்கள். நகையும் பணமும் வார்டுக்கு வேண்டாம். ஒரு சாரோங், துண்டு, சிலிப்பர், குவளை போதும்.

அரசாங்க மருத்துவமனையில் மூன்றாம் வகுப்பு வார்டு, குடிமக்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளிதான். ஆனால் எலும்புக்கு வைக்கும் தகடு போன்றவற்றுக்குத் தனிச் செலவு வரலாம், முன்கூட்டியே கேளுங்கள். கட்ட முடியாதவர்கள் அங்குள்ள மருத்துவ சமூகநல அதிகாரியைப் பாருங்கள். கேட்பது பிச்சையல்ல.

கையெழுத்துக் கேட்டால், என்ன ஆபரேஷன், என்ன ஆபத்து என்று தமிழ் தெரிந்தவரை வைத்துக் கேட்ட பிறகே போடுங்கள். வீடு திரும்பும்போது எம்.சி., டிஸ்சார்ஜ் கடிதம், அடுத்த தவணை மூன்றும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த அக்கா போன மாதம் கண் ஆபரேஷனுக்குப் போனார். முதல் நாளே செய்தி அனுப்பிவிட்டு நமக்கும் காட்டினார். இம்முறை சம்பளம் முழுதாக வந்தது.