குழந்தை ஞானஸ்நானம்: அந்த ‘ஆம்’ யாருடையது?

எங்க பொண்ணு இந்த வருஷம் திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறாள். இரண்டாவது வாரம் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: “அப்பா, மூணு மாசக் குழந்தையா இருந்தப்போ என்னைக் கேட்காமலே ஏன் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தீங்க?”

“அதுதான் நம்ம சபை வழக்கம்” என்று சமாளித்தேன். அது அவளுக்கும் பதிலாகத் தெரியவில்லை, எனக்கும்தான். ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன், மூன்று வாரம் ஓடிவிட்டது. படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வேதாகமம். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக நேரடியாகச் சொல்லும் வசனம் புதிய ஏற்பாட்டில் இல்லை. கொடுக்கக் கூடாது என்றும் இல்லை. அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் லீதியாளும் அவள் வீட்டாரும், பிறகு பிலிப்பி சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டாரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அந்த வீட்டாரில் குழந்தைகள் இருந்தார்களா? இருந்தார்கள் என்று ஒரு பக்கம், அப்படி எழுதியிருக்கிறதா என்று இன்னொரு பக்கம். வசனத்தை மட்டும் வைத்து இந்தச் சண்டை முடியாது.

வரலாற்றில் இதைப் பற்றிய தெளிவான முதல் குறிப்பாகப் பொதுவாகக் காட்டப்படுவது ஓர் எதிர்ப்புக் குரல்! கி.பி. 200 வாக்கில், கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், சிறு பிள்ளைகள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள் என்று எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. குழந்தைக்காக ஜாமீன் நிற்பவர்கள் செத்துப்போகலாம், அல்லது பிள்ளை வளர்ந்து கெட்டுப்போகலாம். அவர்களை ஏன் இந்த ஆபத்தில் மாட்டிவிடுகிறீர்கள் என்று கேட்கிறார். அதாவது, குழந்தைக்காக வாக்குக் கொடுக்கிற ஆட்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள். அந்த வாக்கு நிறைவேறாமல் போகும் என்ற பயமும் அப்போதே இருந்திருக்கிறது.

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அதே கார்த்தேஜில் ஆயராக இருந்த சிப்ரியனும் மற்ற ஆயர்களும் கூடி, குழந்தைக்கு எட்டாம் நாள்வரை கூடக் காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஆனாலும் எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. பக்தியுள்ள மோனிக்காவின் மகன் அகஸ்டின் சிறுவயதில் நோயில் கிடந்தபோது ஞானஸ்நானம் கேட்டான். பிழைத்துக்கொண்டதும் தள்ளிப்போட்டுவிட்டார்கள். கடைசியில் அவர் மிலானில் ஞானஸ்நானம் பெற்றது கி.பி. 387-இல், 32 வயதில்.

அதே அகஸ்டின் ஆயரான பிறகு, பொனிபாஸ் என்ற இன்னொரு ஆயர் அவருக்கு ஒரு கேள்வி அனுப்புகிறார். இந்தக் குழந்தை பெரியவன் ஆனதும் யோக்கியனா இருப்பானா, திருடனா இருப்பானா என்று கேட்டால் ‘தெரியாது’ என்கிறோம். அப்படியிருக்க, ‘இவன் விசுவாசிக்கிறான்’ என்று மட்டும் எப்படிச் சொல்கிறோம்? கிட்டத்தட்ட என் மகளின் கேள்விதான்! அகஸ்டினின் பதில் நீளமானது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் இது: குழந்தையை ஒப்புக்கொடுப்பது அதைக் கையில் ஏந்தி நிற்பவர்கள் மட்டுமில்லை, அவர்களைவிட அதிகமாக, விசுவாசிகளின் கூட்டம் முழுவதும்தான் என்கிறார்.

இந்தப் பதில் எல்லாருக்கும் போதவில்லை. 1525 ஜனவரியில் சூரிச்சில் ஒரு சிறு கூட்டம், சொந்த விசுவாசத்தை அறிக்கையிட்ட பெரியவர்களுக்குத்தான் ஞானஸ்நானம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரி 5-ஆம் தேதி நகர அதிகாரிகள் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். இவ்வளவு விலை கொடுத்து ஒருவர் கேட்ட கேள்வியை ‘சபை வழக்கம்’ என்று நான் ஒதுக்கிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

நடுவில் அகஸ்டின் சொன்ன அந்தக் கூட்டமும் மறைந்துபோனது. ஆங்கிலிக்கன் சபையின் 1662 ஜெபப்புத்தகத்தில் குழந்தைக்காகப் பதில் சொல்வது ஞானப்பெற்றோர் மட்டும்தான். விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளைகள் இவற்றைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் அவர்கள் தலையில். சபையாரிடம் எந்த வாக்கும் கேட்பதில்லை. இருபதாம் நூற்றாண்டில் பல சபைகளின் முறைமைகளில் சபையாரிடமும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். 1982-இல் பெரு நாட்டின் லீமாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் குழு முடித்த ஆவணம், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது சபை முழுவதும் பொறுப்பேற்கிறது என்கிறது. கூடவே ஒரு கண்டிப்பும் உண்டு: பார்த்துப் பாராமல் எல்லாக் குழந்தைக்கும் கொடுத்துவிட்டு, வளர்ப்பைக் கைவிட்டுவிடாதீர்கள்.

எங்க சபையிலும் அந்தக் கேள்வி உண்டு. ஆயர் கேட்பார், எல்லாரும் எழுந்து நின்று பதில் சொல்வோம். ஆபீசில் கோடைப் படிக்காமலே ‘அப்ரூவ்டு’ போடுவது மாதிரிதான் நானும் இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். “உனக்குப் பதிலா நாங்க நம்பலம்மா. உன்னை நம்ம நம்பிக்கைக்குள்ள வச்சு வளர்க்கிறோம்னு வாக்குக் கொடுத்தோம். அதை ஏத்துக்கறதா வேண்டாமான்னு நீ சொல்றதுக்குத்தான் திடப்படுத்தல்.”

“சரி, அன்னைக்கு எழுந்து நின்னவங்கள்ல எத்தனை பேருக்கு என் பேரு தெரியும்?”

இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணினோம். ஞாயிறு பள்ளி டீச்சர், பாட்டுக் குழுவில் சேர்த்துவிட்ட அக்கா, காய்ச்சலில் கிடந்தபோது வந்து ஜெபித்த பாட்டி. இப்படி ஏழு பேர். அன்று கோயிலில் இருநூறு பேராவது இருந்திருப்பார்கள்.

அப்புறம் என் கணக்கைப் பார்த்தேன். போன வருஷம் நான்கு குழந்தைகளுக்கு எழுந்து நின்று ‘ஆம்’ சொல்லியிருக்கிறேன். ஒரு குழந்தையின் பெயர்கூட நினைவில்லை. சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு ஆள் வேண்டும் என்று ஆயர் பல மாதமாக அறிவிப்பில் சொல்லிக்கொண்டிருந்தார். வேலையைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொண்டிருந்தேன். தெர்த்துல்லியன் பயந்த அந்த ஜாமீன்தாரர் நான்தான்.

போன ஞாயிறு பெயர் கொடுத்துவிட்டேன். அந்த நான்கு குழந்தைகளின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

மகள் இன்னும் திடப்படுத்தலுக்குச் சரி என்று சொல்லவில்லை, யோசிக்க வேண்டும் என்கிறாள். நான் அவசரப்படுத்தவில்லை. இந்த முறை பதில் சொல்ல வேண்டியது அவள்தான்.