மூலிகைத் திரவ சோப்பு: சரக்கு எடுக்கும் முன் சில வார்த்தைகள்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் 'மூலிகை' என்ற சொல் இல்லாத சோப்பு அலமாரி இன்று இல்லை எனலாம். 2020ஆம் ஆண்டு கொரோனா வந்தபோது கை கழுவும் திரவம் கேட்டு நமது கடைகளில் நின்ற கூட்டத்தை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மார்ச் மாதத்தில் சானிடைசரை அத்தியாவசியப் பொருளாக்கி, 200 மி.லி.க்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று மத்திய அரசு விலையும் கட்டியது. கூட்டம் கலைந்துவிட்டது, திரவ சோப்பு வாங்கும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. வீட்டிலும் குழுவாகவும் தயாரித்து, பையில் நாலு பாட்டிலோடு கடைக்கு வருபவர்களும் பெருகிவிட்டார்கள். இவர்களிடம் சரக்கு எடுக்கலாமா என்று உறுப்பினர்கள் பலர் நம்மைக் கேட்கிறார்கள். ஒருமுறை எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் என்ற முறையில் நமக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

2023 மார்ச்சில் பூவிருந்தவல்லி பக்கமிருந்து ஒரு மகளிர் சுய உதவிக் குழுவினர் வந்தார்கள். பூந்திக்கொட்டையை ஊற வைத்துக் காய்ச்சிய சாறு, கொஞ்சம் சீயக்காய், வேப்பிலையும் துளசியும் அரைத்து வடித்த சாறு, அவ்வளவுதான் சரக்கு. 'ரசாயனம் அறவே இல்லை, கிருமிகளைக் கொல்லும்' என்று லேபிள். கையில் ஊற்றிப் பார்த்தோம், நுரை நன்றாக வந்தது. 250 மி.லி. பாட்டில் 40 டஜன் ரொக்கம் கொடுத்து எடுத்து, வழக்கமான கடைகளுக்கு அனுப்பினோம். உரிமம் இருக்கிறதா என்று நாம் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில் அயப்பாக்கத்துக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, பாட்டில் எல்லாம் வயிறு ஊதிக்கிட்டு நிக்குது. மூடியைத் திறந்தா புஸ்ஸுன்னு பொங்குது, கள்ளு வாடை அடிக்குது" என்றார். பத்து நாளில் 26 டஜன் திரும்பி வந்துவிட்டது. பணம் போனது ஒரு பக்கம். முப்பது வருடமாக நமது பில்லைப் பார்க்காமலே சரக்கு இறக்கிக்கொண்ட கடைகள், அதன் பிறகு ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்த்து வாங்கத் தொடங்கியதுதான் நமக்கு வலித்தது. குழுத் தலைவி குடோனுக்கு வந்து பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "நாங்க எதுவும் கலப்படம் பண்ணலீங்க அண்ணாச்சி" என்று கண் கலங்கினார். அவர் சொன்னது உண்மை. கலப்படம் எதுவும் இல்லை. கெடாமல் காக்கும் பொருளும் எதுவும் இல்லை. அதனால்தான் கெட்டது.

பூந்திக்கொட்டையின் தோலில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. பட்டுக்கும் நகைக்கும் அதைப் போட்டுக் கழுவுவது நமது பழைய வழக்கம். அதே தோலில் சர்க்கரைச் சத்தும் இருக்கிறது. உலர்ந்த கொட்டை மூட்டையில் வருடக்கணக்கில் கிடக்கும். தண்ணீரில் காய்ச்சிச் சாறாக்கிவிட்டால் சில நாட்களிலேயே புளிக்கத் தொடங்கும், சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். நமது பாட்டிமார்கள் அன்றைக்கு ஊற வைத்ததை அன்றைக்கே தேய்த்துக் குளித்தார்கள். பாட்டிலில் அடைத்துக் கடைக்கு அனுப்பவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை. வேப்பிலையும் துளசியும் கிருமியைக் கொல்லும் என்று லேபிள் சொல்ல, அந்தப் பாட்டிலுக்குள்ளேயே கிருமி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. வேம்பிலும் துளசியிலும் கிருமியைத் தடுக்கும் பொருள்கள் இருப்பது மெய்தான். ஆனால் கைப்பிடி இலையை அரைத்து நாலு லிட்டரில் கலந்தால் வந்து சேரும் அளவு மிகச் சொற்பம். அதோடு இலையின் சத்தும் சேர்ந்து கிருமிக்குத் தீனியாகிவிடுகிறது.

மூலிகை சோப்பு செய்து ஜெயித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1920ல் கல்கத்தாவில் பிறந்த மார்கோ, வேம்பை வைத்தே நாடெங்கும் விற்றது. நமது சென்னையிலேயே 1969ல், தென்னக ரயில்வேயில் மருத்துவராக இருந்த டாக்டர் வி.பி. சித்தன், 18 மூலிகைகள் சேர்த்து வீட்டில் கையால் செய்யத் தொடங்கியதுதான் மெடிமிக்ஸ். நாமும் அதைப் பெட்டி பெட்டியாக விற்றிருக்கிறோம். ஆனால் இவை பேர் எடுத்தது கட்டி சோப்பாக என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டியில் தண்ணீர் குறைவு. திரவ சோப்பிலோ முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் வம்பு.

குழுவினர் விடவில்லை. நாமும் கைவிட மனம் வரவில்லை, அவர்கள் பேரில் வங்கிக் கடன் இருந்தது. விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, தேங்காய் எண்ணெயில் நிஜமான சோப்பு செய்வது என்று முடிவாயிற்று. கட்டி சோப்புக்குக் காஸ்டிக் சோடா. திரவ சோப்புக்குக் காஸ்டிக் பொட்டாஷ். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுத்தமான காஸ்டிக் பொட்டாஷ் சுமார் 257 கிராம் வேண்டும். கடையில் கிடைக்கும் செதில் 85 முதல் 90 சதம் சுத்தம் என்பதால் 285 முதல் 300 கிராம் வரை ஆகும். மூட்டையில் போட்டிருக்கும் சுத்தக் கணக்கைப் பார்த்தே நிறுக்க வேண்டும். கண் அளவு உதவாது. பொட்டாஷ் கூடினால் தோல் எரியும். அது மீந்துவிடாதபடி எண்ணெயை 2 சதம் கூட்டி வைத்துக்கொள்வது நல்லது. எண்ணெயை மாற்றினால் கணக்கும் மாறும். வேப்பெண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெயைவிடக் குறைந்த பொட்டாஷே பிடிக்கும்.

பொட்டாஷைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். பொட்டாஷின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, அரித்துவிடும், எவர்சில்வர் வேண்டும். எண்ணெயோடு சேர்த்து மெல்லிய சூட்டில் சில மணி நேரம் வேகவைத்தால் களி போல் வரும். அதில் கொஞ்சம் எடுத்து வெந்நீரில் கரைத்தால் தெளிவாக இருக்க வேண்டும். பால் போல் கலங்கினால் இன்னும் வேகவில்லை. வெந்த களியைத் தண்ணீரில் கரைத்தால் ஒரு கிலோ எண்ணெய்க்கு 4 முதல் 5 லிட்டர் சோப்பு நிற்கும். பி.எச். காகிதத்தில் 9க்கும் 10க்கும் இடையே காட்ட வேண்டும்.

இதிலும் இரண்டு இடத்தில் சறுக்கினார்கள். முதல் தடவை மஞ்சள் சாறு சேர்த்தார்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பது போலவே, காரத்தோடு சேர்ந்து பீப்பாய் முழுதும் சிவந்துவிட்டது. நிறம் மட்டும் போகவில்லை. மஞ்சளில் எந்தப் பொருளை நம்பிப் போட்டார்களோ அதுவே காரத்தில் சிதைந்துவிடும். இரண்டாவது, உறுப்பினர்களில் சிலர் ஊறுகாய் போடுகிறவர்கள். அந்தப் பழக்கத்தில் சோடியம் பென்சோயேட் சேர்த்தார்கள். அது புளிப்பான பொருளில்தான் வேலை செய்யும். காரமான சோப்பில் போட்டும் ஒன்று, போடாமலும் ஒன்று. இலைச் சாறு சேர்த்த சோப்பு மறுபடியும் வாடை கண்டது. பிறகுதான் பினாக்ஸி எத்தனால் என்ற பொருளை, 1 சதத்தைத் தாண்டாமல் சேர்க்கக் கற்றுக்கொண்டார்கள். இலைச் சாற்றை அடியோடு நிறுத்தினார்கள். இப்போது பத்தில் ஒரு பங்கு வேப்பெண்ணெய், வாசனைக்குச் சிறிது எலுமிச்சைப்புல் தைலம், அவ்வளவுதான். 'ரசாயனம் அறவே இல்லை' என்ற வாசகமும் லேபிளை விட்டுப் போயிற்று. காஸ்டிக் பொட்டாஷ் ரசாயனம் இல்லாமல் வேறென்ன?

கடைக்காரர்கள் இதில் சொல்லும் பெரிய குறை, 'தண்ணி மாதிரி இருக்கு' என்பது. உண்மைதான். தேங்காய் எண்ணெய் திரவ சோப்பு கெட்டியாக இருக்காது. நைனியப்ப நாயக்கன் தெருவில் எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட் வாங்கித் தண்ணீரில் கரைத்து, சமையல் உப்புப் போட்டால் தேன் போலக் கெட்டியாகிவிடும். பச்சை நிறமும் நாலு சொட்டு வாசனையும் சேர்த்தால் 'மூலிகை' ஆகிவிடும். அது கழுவாது என்று நாம் சொல்லவில்லை, நன்றாகவே கழுவும். இயற்கை என்று சொல்லி விற்பதுதான் தவறு. மறுபுறம் நமது வட்டாரத்துப் போர் தண்ணீரின் உப்புக்குத் தேங்காய் எண்ணெய் சோப்பு மற்ற எண்ணெய் சோப்புகளைவிட நன்றாக நுரைக்கும். இந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே அடுக்குமாடிக் குடியிருப்புப் பெண்கள் வாங்கிப் பார்க்கிறார்கள். நுரை தள்ளும் பம்ப் பாட்டிலில் அடைத்தால் தண்ணீர் போல் இருப்பதும் குறையாகத் தெரியாது.

'கிருமியைக் கொல்லும்' என்ற வாசகத்துக்கு வருவோம். 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் எப்.டி.ஏ., டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருள்களை வீட்டு உபயோகக் கை சோப்புகளில் சேர்க்கத் தடை விதித்தது. சாதாரண சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுவதைவிட இவை மேல் என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பதே காரணம். பெரிய கம்பெனிகளாலேயே நிரூபிக்க முடியாததைப் பூவிருந்தவல்லியில் ஆறு பெண்கள் லேபிளில் எழுதினால் யார் பதில் சொல்வது? அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் தோலிலிருந்து பிரித்துத் தண்ணீரோடு அனுப்பும்போது கிருமியும் கூடவே போகிறது. வேலை செய்வது சோப்பு. வேம்பு அதற்குத் துணை. நோய் தீரும், சொறி சிரங்கு போகும் என்று எழுதிவிட்டாலோ அது சோப்புக் கணக்கில் வராது, மருந்துக் கணக்கில் போய்விடும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தில் சோப்புக்கு முன்பு விலக்கு இருந்தது. 1982 திருத்தத்தில் அது போயிற்று. இப்போது 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, கையிலோ உடம்பிலோ போடும் சோப்பை விற்பனைக்குச் செய்ய மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். சொந்தமாக ஆலை இல்லாதவர்கள், உரிமம் உள்ள ஆலையில் தமது பெயருக்குச் செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. குழுவினர் இந்த வழியில்தான் போனார்கள். நாம் சில்லறையில் விற்கத் தனி உரிமம் தேவையில்லை. உரிமம் இல்லாமல் செய்ததை விற்றால் நாமும் மாட்டுவோம். ஆகவே லேபிளில் உரிம எண், பேட்ச் எண், தயாரித்த மாதம், உபயோகிக்க வேண்டிய கெடு, சேர்மானம், நிகர அளவு, எம்.ஆர்.பி., முகவரி, புகார் சொல்லும் தொலைபேசி எண் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தே இறக்குங்கள். விலை பேசும்போது வரியும் ஞாபகம் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கட்டி சோப்புக்கு ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 சதமாக இறங்கியது. திரவ சோப்புக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரே எண்ணெய், ஒரே அடுப்பு, வரி மட்டும் வேறு. இது நமக்குப் புரியவில்லை.

குழுவின் சரக்கை நாம் மறுபடி எடுக்கிறோம், ஒரு நடைக்கு 10 டஜன் மட்டும். 5 லிட்டர் கேன் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்குப் போகிறது, அங்கே தண்ணீர் போல் இருக்கிறது என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. கடைகள் பக்கம் மெதுவாகத்தான் நகர்கிறது. அயப்பாக்கத்துக்காரர் இன்னும் எடுக்கவில்லை. "அடுத்த கோடை போகட்டும் அண்ணாச்சி" என்கிறார். ஒவ்வொரு பேட்சிலும் மூன்று பாட்டிலைக் குடோன் மொட்டை மாடியில் வெயிலில் ஒரு மாதம் வைக்கிறோம். வயிறு ஊதாமல், வாடை மாறாமல் இருந்தால்தான் மற்றப் பெட்டிகள் வண்டி ஏறும். தலைவியே வாரம் ஒருமுறை வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறார்.