எட்டுக் கிலோமீட்டர் கணக்கு

பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதியில் சேர ஒரு விதி உண்டு. வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும். மாணவிகளுக்கு மட்டும் இந்தத் தூரக் கணக்கு கிடையாது. விடுதி என்பது வெளியூர்ப் பிள்ளைகள் படுத்து எழும் இடம்தான் என்றால் இந்த விலக்குக்கு அர்த்தமே இல்லை. வீடு அடுத்த தெருவில் இருந்தாலும், தண்ணீர் பிடிப்பதும் அடுப்படி வேலையும் ஒரு பெண்ணின் சாயங்காலத்தைத் தின்றுவிடும் என்பதை அந்த ஒரு வரி, தெரிந்தோ தெரியாமலோ, ஒத்துக்கொள்கிறது. விடுதியில் கிடைக்கும் பெரிய பண்டம் பொழுதுதான். அந்தப் பொழுது இல்லாத பிள்ளைக்குக் கல்லூரியில் கிடைத்த இடம் அரை இடமே. ஆகவே விடுதியைச் சலுகையாக எண்ணாமல், கல்லூரி இடத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. மேலச்சொக்கநாதபுரத்தில் அரசு பொறியியல் கல்லூரி 2012இல் வந்தது. 2023 ஜூனில் மதுரை ரயிலும் திரும்பி வந்துவிட்டது. கீழ்நாட்டுக்காரருக்குக் கல்லூரி கிட்டத்தில்தான். மேற்கே திரும்பினால் கதை வேறு. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் வண்டிகள் நின்றது நின்றபடி. குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்று பெயர்கள் கிடக்கின்றன. மூணாறுத் தேயிலை ஒருகாலத்தில் ரோப்வேயில் இறங்கியதன் மிச்சம் அவை. தேயிலைப் பெட்டிக்குக் கம்பி போட்டார்கள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மனிதர்கள் இன்றும் நடந்துதான் ஏற வேண்டும். தூரம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஏலச்செடியில் காய் எல்லாம் ஒரே சமயத்தில் முற்றாது. ஆடி, ஆவணியில் தொடங்கி தை, மாசி வரை, முப்பது நாற்பது நாளுக்கு ஒருமுறை சுற்றுச் சுற்றாகக் காய் எடுப்பார்கள். கல்லூரியில் முதல் செமஸ்டர் நடப்பதும் அந்த மாதங்களில்தான். விடியுமுன் ஜீப்பில் மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும், ஆள் ஏறும் வீட்டில், புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பெற்றோர் கூப்பிடக்கூட வேண்டாம். ஒரு நாள் கூலி போகிறதே என்று அந்தப் பிள்ளைக்கே உறுத்தும்.

இதற்குத்தான் பஸ் பாஸ் இருக்கிறதே என்பார்கள். அரசுக் கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பயணம், பெண்களுக்கு 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வேறு. எல்லாம் நல்ல திட்டங்களே. ஆனால் பாஸ் டிக்கெட் காசை மிச்சப்படுத்தும். பேருந்திலும் ஜீப்பிலும் போகிற நேரத்தை மிச்சப்படுத்தாது. ரூம் எடுத்துத் தங்கலாமே என்றால், அந்த ஆயிரம் ரூபாய் வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் எத்தனை நாள் தாங்கும்? அதற்கு முன்னால் வீட்டுக்காரர் “எந்த ஊரு?” என்று தொடங்கி “நீங்க என்ன ஆளுக?” என்பதில் முடிக்கும் விசாரணை ஒன்று இருக்கிறது. அரசு விடுதிகளே சாதிவாரியாகத்தானே இருக்கின்றன என்று திருப்பிக் கேட்கலாம். உண்மைதான். ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி, தேனிப் பக்கம் கள்ளர் சீரமைப்பு விடுதி என்று பலகைகள் தனித்தனி. 2025 ஜூலையில் எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர் சூட்டினார்கள்; பலகை மாறியது, உள்ளே சேர்க்கும் முறை மாறவில்லை. கல்லூரி வளாகத்துக்குள்ளேயே விடுதி வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே ஓர் அறையில் யாரோடு யார் என்பதைச் சேர்க்கைப் பட்டியல் தீர்மானிக்க முடியும்.

விடுதிச் சாப்பாடும் பூட்டும் பற்றிய குறைகளைத் தட்டிக்கழிக்க முடியாது. நலத்துறை விடுதியில் கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. ஒரு நாளுக்கு 50 ரூபாய். அதில் மூன்று வேளை. வளாக விடுதிகளில் பெரும்பாலும் டிவைடிங் முறை: மாதத்துக்கான அரிசி, பருப்பு, கேஸ், சமையல்காரர் கூலி எல்லாவற்றையும் கூட்டிச் சாப்பிட்ட நாட்களால் வகுப்பார்கள். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறவர் மெஸ் கட் வாங்கிக்கொள்வார். சமையல்காரர் கூலி குறையாது. ஆகவே விடுமுறைக்கும் விடுதியிலேயே கிடக்கிறவர் தலையில் அந்தச் சுமை ஏறும். அப்படிக் கிடப்பவர் பெரும்பாலும் மலைக்குப் போய்வர வழியில்லாதவர். நிலையான செலவைத் தலைக்கு இவ்வளவு என்று தனியாகப் பிரித்தாலே இந்த அநியாயம் பாதி தீரும். பெண்கள் விடுதியில் கதவைச் சீக்கிரம் சாத்துவது இன்னொரு வினோதம். பொழுது கொடுக்கக் கட்டிய இடத்தில், நூலகம் திறந்திருக்கும்போதே பூட்டு அதைப் பிடுங்கிக்கொள்கிறது.

இத்தனைக்கும் பணம் எங்கே என்பது கடைசிக் கேள்வி. கொள்கை அளவில் அரசு இதற்கு எப்போதோ சரி சொல்லிவிட்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பு சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் தானே ஏற்பதாக 2021இல் அறிவித்தது. படிப்பும் தங்குமிடமும் ஒரே செலவு என்றுதானே அதற்குப் பொருள்? ஆனால் 6ஆம் வகுப்பு முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மெட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இடுக்கியில் தமிழ்வழிப் பள்ளியில் படித்து முடித்த போடிக்காரர் பிள்ளை இந்தக் கணக்கில் வராது. மற்றவர்களுக்கோ, கலந்தாய்வில் கிடைக்கும் ஒதுக்கீட்டு ஆணையில் கல்லூரியும் பாடப்பிரிவும் இருக்கும். விடுதியில் இடம் உண்டா என்பது, கட்டணம் கட்டிச் சேர்ந்து, இன்னொரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த பிறகுதான் தெரியும்.