இருப்புத் தொகையைக் காக்கும் சில்லு

பணம் வழங்கும் இயந்திரத்தின் திரையில் இருப்பு ரூ.50,000 என்று தோன்றுகிறது. அதை நாம் ஐயுறுவதில்லை. இந்த எண்ணை இரும முறையில் எழுதினால் 1100001101010000 என்று பதினாறு பிட்டுகளாக அமையும். அவற்றுள் முதலில் நிற்கும் 1 மட்டும் 0 ஆக மாறிவிட்டால் இருப்பு ரூ.17,232 ஆகிவிடும். சேமிப்பகத்தில் பிட்டுகள் இவ்வாறு மாறிப் படிக்கப்படுவது அரிய விபத்தன்று, அன்றாட நிகழ்ச்சி. நம் கண்ணுக்கு எட்டுமுன் அவை திருத்தப்பட்டுவிடுவதால்தான் நமக்குத் தெரிவதில்லை.

எஸ்.எஸ்.டி. எனப்படும் இன்றைய சேமிப்பகங்களில், நுண்ணிய அறைகளில் அடைபட்ட எலக்ட்ரான்களின் அளவே எழுத்தாகிறது. ஓர் அறையில் மூன்று பிட்டுகளைப் பதிக்க எட்டு மின்னழுத்த நிலைகள் வேண்டும். நான்கு பிட்டுகளுக்குப் பதினாறு. நிலைகளுக்கிடையே இடைவெளி குறையக் குறைய ஒன்றை மற்றொன்றாகப் படிக்கும் வாய்ப்புக் கூடுகிறது. எலக்ட்ரான்கள் மெல்லக் கசிகின்றன. எழுதி அழிக்கும்தோறும் அறையின் காப்புப் படலமும் தேய்கிறது.

இதற்கான மருந்து, கையால் பேரேடு எழுதிய காலத்து ஊழியர்களுக்குப் புதியதன்று. அட்டவணையில் குறுக்கே ஒரு கூட்டுத்தொகை, நெடுக்கே ஒரு கூட்டுத்தொகை எழுதுவார்கள். மூன்றாம் வரிசையும் இரண்டாம் பத்தியும் ஒத்துவராவிட்டால், அவை வெட்டும் கட்டத்தில் பிழை இருப்பதை உடனே அறியலாம். பிழை திருத்தக் குறிமுறையும் இதையே செய்கிறது. தரவுடன் சில சரிபார்ப்புப் பிட்டுகள் சேர்த்து எழுதப்படுகின்றன. குறிப்பிட்ட ஒவ்வொரு குழுவிலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி.

இத்துறையில் இந்தியர் பங்கும் உண்டு. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிப் பின்னர் அமெரிக்கா சென்ற ராஜ் சந்திர போஸ், தம் மாணவர் ராய் சௌதுரியுடன் 1960-இல் வெளியிட்ட குறிமுறை, பிரான்சின் ஆக்கங்கெம் 1959-இல் தனியே கண்டறிந்ததுடன் சேர்த்து பி.சி.எச். என வழங்குகிறது. ஃபிளாஷ் நினைவகங்களை நெடுங்காலம் காத்தது அதுவே. அதே 1960-இல் ராபர்ட் காலகர் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வேடாக முன்வைத்த எல்.டி.பி.சி. குறிமுறையின் கணக்கைச் சுமக்க அக்கால மின்னணுச் சுற்றுகளால் இயலவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தது. இன்று எஸ்.எஸ்.டி.களிலும் 5ஜி தொலைபேசிகளிலும் பிழை நீக்குவது அதுதான்.

அதைச் சாத்தியமாக்கியது, டிகோடர் எனப்படும் பிழைநீக்கும் சுற்றின் வடிவமைப்பு. எழுதும்போது சரிபார்ப்புப் பிட்டுகளைக் கணக்கிடுவது எளிது. படிக்கும்போது பிழையைத் தேடுவதே கடினம். எல்.டி.பி.சி. முறையில் ஒவ்வொரு பிட்டும் தான் 0 ஆ, 1 ஆ என்பதையும், அதில் தனக்குள்ள உறுதியையும் தான் சேர்ந்த குழுக்களுக்குத் தெரிவிக்கிறது. குழுவோ, மற்ற உறுப்பினர் சொன்னதை வைத்து, அது என்னவாக இருக்க வேண்டும் என்று மறுமொழி தருகிறது. இவ்வுரையாடல் சில சுற்றுகள் நடந்தபின் பிழைகள் அகன்றுவிடும்.

மறுமொழியின் உறுதியைத் துல்லியமாகக் கணிக்க மடக்கை முதலிய கடினச் சார்புகள் தேவை. ஆயிரக்கணக்கான குழுக்களுக்கு அதைச் செய்தால் சில்லின் பரப்பும் மின்செலவும் தாங்கா. ஆகவே வடிவமைப்பாளர்கள் ஒரு குறுக்குவழியைக் கைக்கொண்டனர்: மற்ற உறுப்பினர்களுள் மிகக் குறைந்த உறுதி எவருடையதோ, அதையே குழுவின் உறுதியாகக் கொள்வது. இதற்கு ஒப்பிடும் சுற்றே போதும். இம்முறை உறுதியைச் சற்று மிகைப்படுத்துவதால், விடையை முக்கால் பங்காகக் குறைப்பதுண்டு. முக்கால் என்பது அரையும் காலும். இரும எண்ணில் அரையாக்க ஓரிடம் நகர்த்தினால் போதும், காலாக்க ஈரிடம். பெருக்கும் சுற்றே வேண்டா, ஒரு கூட்டும் சுற்று போதும். இதன் எளிமை நமக்கு வியப்பளிக்கிறது.

அடுத்த தலைவலி கம்பிகள். பிட்டுகளையும் குழுக்களையும் தாறுமாறாக இணைத்தால் சில்லின் பரப்பை இணைப்புகளே விழுங்கிவிடும். எனவே இணைப்புகளை ஒழுங்கான சுழற்சிக் கட்டங்களாக அமைத்து, சில சுற்றுகளையே முறைவைத்துப் பலமுறை பயன்படுத்துகிறார்கள். விதிகள் அனைத்தும் பொருந்திய கணமே உரையாடல் நிறுத்தப்படுகிறது. பழுது குறைந்த பக்கங்கள் ஓரிரு சுற்றிலேயே முடிந்துவிடுவதால் மின்சாரம் மிச்சமாகிறது.

முடியாத பக்கங்களும் உண்டு. அப்போது மின்னழுத்த எல்லையைச் சற்று மாற்றி அதே அறைகளை மீண்டும் படிப்பார்கள். இதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆனால் எந்தப் பிட் எல்லையோரத்தில் தடுமாறுகிறது என்பது தெரிந்துவிடும். டிகோடர் தவறான விடையையே சரியென்று கொள்ளும் வாய்ப்பும் மிகச் சிறிதளவு இருக்கிறது. அதைப் பிடிக்கத் தனியே மற்றொரு சரிபார்ப்பு எண் தரவுடன் எழுதப்படுகிறது. அதுவும் பொருந்தாவிட்டால் சேமிப்பகம் ஊகத்தில் ஒரு தொகையைத் தராது. படிக்க இயலவில்லை என்றே அறிவிக்கும். பிறகு வேறொரு வட்டிலுள்ள படியிலிருந்து அந்த ரூ.50,000 படிக்கப்படும்.