காலிற் பூட்டும் காவல்

'கழல்' என்னுஞ் சொல்லுக்கு வீரர் காலில் அணிவது என்று வகுப்பிற் பொருள் கூறினேன். "இப்போது குற்றவாளிக்கும் கழல் பூட்டுகிறார்களாமே, ஐயா?" என்றான் ஒரு மாணவன். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

1983 இல் அமெரிக்காவின் அல்புகேர்க்கி நகர நீதிபதி ஜாக் லவ், 'ஸ்பைடர் மேன்' சித்திரக்கதையிற் கண்டதொரு கருவியைப் போன்றதை உண்மையாகவே செய்வித்தார். பிறர் காலிற் பூட்டுமுன் தம் காலிற் பூட்டிப் பார்த்தார் என்பர். நல்லாசிரியர்க்கும் வேண்டிய பண்பு அது! அணிந்தவர் வீட்டைவிட்டு அகன்றால், தொலைபேசியோடு இணைந்த பெட்டி அதனை அறிவித்துவிடும். இன்றைய கருவியோ செய்மதியால் இடமறிந்து, கைப்பேசி வலையமைப்பு வழியே ஓயாது உரைப்பது.

இதன் பயனை நம் கரையில் வைத்து நோக்குவோம். கல்முனைக் கரையிற் கரைவலை இழுக்கும் கூலியாள் ஒருவன் சிறு குற்றத்துக்காகத் தண்டம் விதிக்கப்பெற்று, அதனைக் கட்ட வகையின்றி மட்டக்களப்புச் சிறைக்குச் செல்கின்றான் என்க. அவன் உழைப்பு நிற்கும். வீட்டில் உலை எரியாது. ஊரார் வாய் மட்டும் ஓயாது. இலங்கையிற் பல்லாண்டுகளாகத் தீர்ப்புப் பெற்றுச் சிறை புகுவோருட் பெருந்தொகையினர் தண்டப்பணம் இறுக்க இயலாதவரே. இத்தகையோன் ஊரிலேயே இருந்து உழைப்பது யாவர்க்கும் நன்று.

ஆயின் கழலுக்கு மின்னூட்டம் வேண்டும். 2022 இல் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நேர்ந்ததை மறத்தல் இயலுமோ? அமெரிக்காவிற் பல இடங்களில் அணிந்தவரே நாட்கட்டணமுஞ் செலுத்துகின்றார். தண்டம் கட்ட இயலாதவன் கழலுக்கு வாடகை கட்டுவது எங்ஙனம்?

அயல்நாடாகிய இந்தியாவில் 2023 இல் சம்மு காஷ்மீரப் பொலிசார், பிணையில் விடப்பெற்ற ஒருவருக்கு இதனைப் பூட்டினர். மறு ஆண்டு யூலையில், பிணை பெற்றவர் தம் இருப்பிடத்தைக் கைப்பேசி வரைபடம் வழியே பொலிசாருக்குக் காட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை செல்லாதென இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அது கழலைப் பற்றிய வழக்கன்று. எனினும் ஓயாத கண்காணிப்பு ஒருவரது அந்தரங்கத்தை ஊறுபடுத்தும் என்னும் நியாயம் கழலுக்கும் பொருந்துமென்றே யான் கருதுகின்றேன்.

கழல் இன்றியே ஒரு வழி நம்மிடம் உண்டு. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம், சிறு குற்றம் புரிந்தோரைச் சிறைக்கு அனுப்பாது, சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையின்கீழ் ஊதியமின்றிப் பொதுப்பணி செய்விக்க இடந்தருகின்றது. ஆங்குக் கண்காணிப்பவர் ஓர் உத்தியோகத்தர்; அவரிடம் தன் குறையை எடுத்துரைக்கலாம்.