தோட்டாவின் கழுத்து ஏன் பிளக்கிறது?

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் வெடி வைக்காமலே பாறை வெடித்துச் சிதறும். உள்ளே அடைபட்ட அழுத்தம்தான் காரணம். எத்தனையோ தமிழ்த் தொழிலாளர்களின் உயிரை அது குடித்தது.

உலோகத்துக்குள்ளும் இப்படி அழுத்தம் தங்கும். பிரிட்டிஷ் இந்தியப் படை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. அதுவும் குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில். மர்மம் விலகியது 1921இல். மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து பித்தளையிலுள்ள செம்பைக் கரைக்கிறது. சூடாக்காமல் நெருக்கி உருவாக்கிய கழுத்திலோ இழுவிசை மிச்சமிருக்கிறது. அரிப்பு வழிகாட்ட, இழுவிசை பிளக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் இந்த விரிசல் இல்லை.

சுட்ட உறையை மீண்டும் பயன்படுத்துவோருக்கும் கழுத்துதான் தலைவலி. சுடும்போது அது துப்பாக்கி அறையின் சுவர்வரை விரிகிறது. அடுத்த குண்டைப் பிடிக்க அச்சில் அழுத்திச் சுருக்குகிறார்கள். விரிந்து சுருங்க விரிந்து சுருங்க, பித்தளை இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தீர்வு: கழுத்தை மட்டும் சூடுகாட்டி இளக்குவது. அடிப்பகுதியில் சூடு ஏறவே கூடாது. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க அது கடினமாகவே இருக்கவேண்டும். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலப்பழுப்புக் கறை அந்தச் சூட்டின் தடம்.