வாட்ஸ்அப்பில் ஒரே பதிலைத் தினமும் தட்டுகிறீர்களா?

சம்பா நடவு முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. "சார், பயிரு மஞ்சளா இருக்குது, இன்னா அடிக்கலாம்?" என்று ஆரணி சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காலை ஆறு மணிக்கே படத்தோடு வாட்ஸ்அப்பில் கேள்வி வந்துவிடும். அந்தப் பருவத்தில் பெரும்பாலும் அது துத்தநாகச் சத்துக் குறைதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஜிங்க் சல்பேட் 5 கிராம், யூரியா 10 கிராம் கலந்து தெளியுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவசரத்தில் 5 என்பதை 50 என்று தட்டி அனுப்பிவிட்டேன். நல்லவேளை, உடனே கண்ணில் பட்டதால் அழிக்க முடிந்தது.

பக்கத்து வீட்டு நெசவாளரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்தார். "ஜக்கார்டுல ஒருவாட்டி அட்டை குத்தி மாட்டிட்டா, ஒவ்வொரு சேலைக்கும் டிசைனை முதல்லருந்தா ஆரம்பிக்கறோம்? நீங்க ஏன் சார் தினமும் அட்டை குத்தறீங்க?" என்றார். சேலை விலை, சரிகை விவரம் கேட்பவர்களுக்கு அவர் தட்டச்சு செய்வதே இல்லையாம். 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலியில் பதில்களைச் சேமித்து வைத்திருக்கிறார்.

2018-ல் வந்த இந்தச் செயலி இலவசம்தான். அதன் பிசினஸ் டூல்ஸ் பகுதியில் 'குயிக் ரிப்ளைஸ்' என்று இருக்கும். அங்கே உங்கள் பதிலை எழுதி, அதற்கு ஒரு சுருக்கக் குறி கொடுத்துச் சேமியுங்கள். பிறகு செய்தி எழுதும் இடத்தில் சாய்கோடு (/) போட்டு அந்தக் குறியைத் தட்டினால் முழுப் பதிலும் வந்துவிடும். இப்படி 50 பதில்கள் வரை சேமிக்கலாம். நான் 1, 2 என்று எண்களையே குறியாக வைத்திருக்கிறேன். ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் இதிலும் சேர்த்து ஓட்ட முடியாது. ஆகவே பழைய உரையாடல்களை பேக்கப் எடுத்துக்கொண்டு மாறுங்கள்.

வேலை பாதியாகக் குறைந்தது. ஆனால் போன சம்பாவில் அந்த வசதியே என்னைக் கவிழ்த்தது. வயலில் அங்கங்கே மஞ்சள் பூத்த படம் ஒன்று வந்தது. யோசிக்காமல் /1 தட்டி ஜிங்க் பதிலை அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து அந்தப் பெரியவர் அழைத்தார். "வட்டவட்டமா காய்ஞ்சு போவுது சார்." நேரில் போய்த் தூரைப் பிரித்துப் பார்த்தால், நீர்மட்டத்துக்கு மேலே தண்டெல்லாம் புகையான் பூச்சி. புகையான் விழுந்த வயலில் தழைச்சத்து ஏறினால் பூச்சி இன்னும் பெருகும். நான் யூரியா கலந்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன்! "நட்டு ரெண்டு மாசம் ஆவுது, நீங்க அதைக் கேக்கவே இல்லியே" என்றார். தண்ணீரை வடித்தோம், யூரியாவை நிறுத்தினோம், மருந்தும் தூரில் படும்படி அடித்தோம். அதற்குள் கால் ஏக்கர் வைக்கோலாகியிருந்தது.

அன்றைக்கே /1-ஐ மாற்றினேன். இப்போது அதில் மருந்து இல்லை, கேள்விகள்தான் இருக்கின்றன. என்ன ரகம்? நட்டு எத்தனை நாள்? கடைசியாக என்ன உரம், எப்போது போட்டீர்கள்? தூரைப் பிரித்து அடித்தண்டை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? இதற்குப் பதில் வந்த பிறகுதான் மருந்துக் குறிப்பை அனுப்புகிறேன். திரும்பத் திரும்பத் தட்ட வேண்டியிருந்ததும் உண்மையில் இந்தக் கேள்விகளைத்தான். பயிருக்குப் பயிர் மாறுவது பதில்.

மழை எச்சரிக்கை, விதை இருப்பு போன்ற பொதுச் செய்திகளுக்கு 'பிராட்காஸ்ட்' பட்டியல் போதும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். குழுவாக இருந்தால் முக்கியமான செய்தியை மேலே 'பின்' செய்து வையுங்கள். "அந்த மெசேஜை மறுபடி போடுங்க" என்ற தொல்லை பாதி போகும்.

விவசாயிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உபயோகமான பதில் வந்தால் அதை அழுத்திப் பிடித்து நட்சத்திரக் குறி போடுங்கள். அடுத்த பருவத்தில் தேடி அலைய வேண்டாம். தட்டச்சு வராதவர்கள் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நம் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதும் வாசகர்களும் ரகம், நட்ட நாள், போட்ட உரம், அடித்தண்டுப் படம் இந்த நான்கையும் முதல் கடிதத்திலேயே சேர்த்து அனுப்புங்கள். இதழ் வருவதற்கே பதினைந்து நாள் ஆகிறது; புகையான் அவ்வளவு நாள் காத்திருக்காது.